கார்பனுக்கு விலை வைத்தால் புகை குறையுமா?

வாசகர் கேள்வி – பதில்

சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது) ஆகிய நான்கு துறைகளைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு உமிழ்வு இலக்குகளை நிர்ணயித்து மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டதிலிருந்து, கார்பன் சந்தை குறித்த கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத வாயுவை எந்தத் தராசில் நிறுத்து விற்பார்கள்? காசு கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் புகை விடலாம் என்று ஆகிவிடாதா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: விற்கப்படுவது புகை அல்ல, புகை விடுவதற்கான அனுமதி. ஓர் அரசு, தன் எல்லைக்குள் இருக்கும் ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் இத்தனை டன் பசுங்குடில் வாயுக்களைத்தான் (கரியமில வாயு, மீத்தேன் போன்று புவியைச் சூடாக்கும் வாயுக்கள்) வெளியிடலாம் என்று முதலில் ஓர் உச்சவரம்பை நிர்ணயிக்கிறது. அந்த மொத்தத்தை டன்னுக்கு ஒரு சீட்டு என்று பிரித்து இலவசமாகவோ ஏலம் விட்டோ ஆலைகளுக்குத் தருகிறது. ஆண்டு முடிவில் ஒவ்வோர் ஆலையும் தான் வெளியிட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டை அரசிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். சீட்டு மிஞ்சியவர் விற்பார், போதாதவர் வாங்குவார். எனவே ஓர் ஆலை காசு கொடுத்து அதிகப் புகை விடலாம், ஆனால் எல்லா ஆலைகளும் அப்படிச் செய்ய முடியாது. மொத்தச் சீட்டு அவ்வளவுதான்.

கனடாவின் பொருளாதார அறிஞர் ஜான் டேல்ஸ் 1968-இல் நீர் மாசைக் கட்டுப்படுத்துவதற்காக முன்வைத்த யோசனை இது. அமெரிக்காவில் அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடை 1980-ஆம் ஆண்டு அளவிலிருந்து ஒரு கோடி டன் குறைப்பதற்காக 1990-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1995-இல் அனல் மின் நிலையங்களுக்கிடையே இந்த வணிகம் தொடங்கியது. சில நிலையங்கள் புகைபோக்கியில் கந்தகத்தைக் கழுவி நீக்கும் கருவியைப் பொருத்தின. சில நிலையங்கள் கந்தகம் குறைந்த வயோமிங் நிலக்கரியை ரயிலில் வரவழைத்துக்கொண்டன. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் இலக்கு எட்டப்பட்டது.

தராசைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கரியமில வாயுவைப் பொறுத்தவரை, எரித்த நிலக்கரியின் எடையையும் அதில் இருக்கும் கார்பனின் அளவையும் கொண்டே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். ஆகவே எடைமேடைச் சீட்டும் ஆய்வகப் பதிவேடும்தான் தராசு.

நம் ஊரில் உச்சவரம்பு என்றதும் நிலம்தான் நினைவுக்கு வரும். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 30 தர ஏக்கர் என்றது. 1970-இல் அது 15 ஆயிற்று. விலக்குகளும் பினாமிப் பத்திரங்களும் எவ்வளவு நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தன என்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்பன் சந்தையைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உச்சவரம்பு எங்கே, விலக்குப் பட்டியல் எங்கே என்று தேடும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: நான் சிமென்ட் ஆலை ஒன்றில் ஆய்வகப் பணியாளர். எங்கள் ஆலைக்கும் இலக்கு வந்திருக்கிறது என்கிறார்கள். கூரையில் சூரியத் தகடுகள் பதித்தால் போதாதா?
– வாசகர், அரியலூர்

பதில்: போதாது. சிமென்ட் ஆலையிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லிலிருந்து வருவது. உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது, 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகவும் 44 கிலோ கரியமில வாயுவாகவும் பிரிகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலடியாக இருந்தபோது கிளிஞ்சல்களும் கடலுயிரிகளும் ஓட்டுக்குள் பூட்டி வைத்த கார்பன் அது. சூளைக்குப் பச்சை மின்சாரத்தையே கொடுத்தாலும் அந்த 44 கிலோ வெளியே வந்துதான் தீரும்.

அதனால் உங்கள் ஆலை முதலில் கைவைக்கப்போவது, சூளையில் சுட்டெடுத்துப் பிறகு சிமென்ட்டாக அரைக்கப்படும் கட்டியான கிளிங்கரின் அளவில்தான். ஒரு மூட்டை சிமென்ட்டில் கிளிங்கர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உமிழ்வு குறையும். அனல் மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்க இந்தியத் தரவிதி அனுமதிக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த புதுவகைச் சிமென்ட்டுக்கு 2023-இல் தனித் தரவிதி வந்துவிட்டது. சூளையின் வீணாகும் வெப்பத்தில் மின்சாரம் எடுப்பதும், நிலக்கரிக்குப் பதிலாக நகராட்சிக் குப்பையிலிருந்து பிரித்த எரிபொருளைப் போடுவதும் அடுத்தடுத்த படிகள்.

இனி இலக்கைப் பார்ப்போம். இந்தியத் திட்டத்தில் நான் முன்பு சொன்ன உச்சவரம்பு கிடையாது. இங்கே ஆலைக்குத் தரப்படுவது உமிழ்வுச் செறிவு இலக்கு. அதாவது ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு உமிழ்வு என்ற விகிதம். 2023-24 அடிப்படை ஆண்டு. 2025-26, 2026-27 ஆகிய இரண்டும் இலக்கு ஆண்டுகள். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். இலக்கு 0.70 டன், ஆலை எட்டியது 0.69 டன், உற்பத்தி 10 லட்சம் டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 0.01 டன்னை 10 லட்சத்தால் பெருக்கினால் 10,000 டன். ஆலைக்கு 10,000 கார்பன் சான்றிதழ்கள் கிடைக்கும். அதே ஆலை உற்பத்தியை 12 லட்சம் டன்னாகப் பெருக்கி அதே 0.69-இல் நின்றால், அதன் மொத்த உமிழ்வு 6.90 லட்சம் டன்னிலிருந்து 8.28 லட்சம் டன்னாக உயரும். சான்றிதழோ 12,000 கிடைக்கும். அதிகப் புகை விட்டதற்குக் கூடுதல் பரிசா என்று கேட்டால், விதிப்படி ஆம்.

வளர்ந்துகொண்டிருக்கும் நாட்டில் வீடும் பாலமும் கட்டியாக வேண்டும், ஆகவே மொத்த உச்சவரம்பு இப்போது வேண்டாம் என்பது அரசின் வாதம். 2030-க்குள் உள்நாட்டு உற்பத்தியின் உமிழ்வுச் செறிவை 2005-ஐவிட 45 சதவீதம் குறைப்போம் என்று உலக அரங்கில் இந்தியா அளித்திருக்கும் வாக்குறுதியும் செறிவைப் பற்றியதுதான். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் செறிவு இலக்கு தளர்வாக இருந்தால் அதைத் திருத்துவதற்கு இந்த ஏற்பாட்டுக்குள் வேறு எந்தக் கடிவாளமும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இலக்கைத் தவறவிட்ட ஆலை சந்தையில் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கவும் தவறினால் சான்றிதழின் சராசரிச் சந்தை விலையைப் போல இரு மடங்கைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகக் கட்ட வேண்டும். உங்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் ஒன்று உண்டு. நீங்கள் எடுக்கும் மாதிரியும் எழுதும் பதிவேடும் இதுவரை தரக் கட்டுப்பாட்டுக்காக இருந்தன. இனி அவை பணக் கணக்கு. வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பாளர் முதலில் கேட்கப்போவது உங்கள் பதிவேட்டைத்தான்.

கேள்வி: நாட்டிலேயே அதிகப் புகை விடுவது அனல் மின் நிலையங்கள். 30 ஆண்டுகள் கொதிகலன் பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன். அவற்றை விட்டுவிட்டுக் காகித ஆலையைப் பிடிப்பது என்ன நியாயம்?
– ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், மேட்டூர்

பதில்: உங்கள் கேள்விதான் இந்தத் திட்டத்தின் மிகப் பலவீனமான இடம். திட்டத்துக்காக அடையாளம் காணப்பட்ட ஒன்பது துறைகளில் இரும்பு, உரம், ஜவுளி, பெட்ரோலியம் எல்லாம் உண்டு. மின் உற்பத்தி இல்லை. மின் நிலையம் சான்றிதழ் வாங்கினால் அந்தச் செலவு கட்டண ஒழுங்குமுறை வழியாக மாநில மின் விநியோக நிறுவனங்களின் தலையில் விழும். ஏற்கெனவே கடனில் இருக்கும் அவை அதை நுகர்வோரிடம் வசூலிக்கவும் முடியாது, தாங்கிக்கொள்ளவும் முடியாது என்பது நடைமுறைக் காரணம். ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான கோளாறு நடந்தது. மின் நிறுவனங்கள் இலவசமாகப் பெற்ற சீட்டுகளின் சந்தை விலையையும் மின் கட்டணத்தில் ஏற்றிப் பெரும் லாபம் பார்த்தன. 2013 முதல் பெரும்பாலான மின் நிலையங்களுக்கு ஏலம்தான் என்று மாற்றிய பிறகே அது அடங்கியது.

நிலக்கரிக்கு இந்தியா விலை வைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010-இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய எரிசக்தி வரி, 2016-இல் 400 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அது மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக உருமாறிற்று. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கப்பட்டது. டன்னுக்கு இவ்வளவு என்று இருந்தவரை மட்டமான நிலக்கரிக்கும் அதே வரிதான். இப்போது விலையில் சதவீதம் என்றாகிவிட்டதால், சாம்பல் அதிகமுள்ள மலிவான கரிக்குக் குறைந்த வரி.

கேள்வி: 2007 வாக்கில் எங்கள் நூற்பாலையின் காற்றாலைகளுக்கு சிடிஎம் பணம் வரும் என்று ஆலோசகர்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் கொஞ்சம் வந்தது, பிறகு கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது. இப்போது அதே ஆட்கள் கார்பன் கிரெடிட் என்று மறுபடியும் வருகிறார்கள்.
– நூற்பாலை உரிமையாளர், பல்லடம்

பதில்: உங்கள் அலமாரிக் கோப்பு ஒரு காலத்தின் வரலாறு. 1997-இல் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்பாட்டின்படி, வளர்ந்த நாடுகள் தங்கள் இலக்கில் ஒரு பகுதியை வளரும் நாடுகளின் திட்டங்களிலிருந்து கிரெடிட் (ஒரு டன் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று) வாங்கி ஈடுகட்டலாம். அதுதான் சிடிஎம் என்ற தூய வளர்ச்சி வழிமுறை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பல்லடம், உடுமலை வட்டாரங்களின் காற்றாலைகள் கூட்டுத் திட்டங்களாகப் பதிவானது அப்போதுதான். திட்டங்களின் எண்ணிக்கையில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

2008-இல் 20 யூரோவைத் தாண்டியிருந்த ஒரு கிரெடிட்டின் விலை, 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே போய்விட்டது. வாங்குபவர் ஏறத்தாழ ஒருவர்தான், ஐரோப்பா. பொருளாதார மந்தத்தால் ஐரோப்பிய ஆலைகளிடமே சீட்டு மிஞ்சிக் கிடந்தது. விற்பவர் பக்கமோ வரம்பே இல்லை. அதிலும் குளிர்பதன வாயு தயாரிக்கும் ஆலைகள் செய்தது தனிக் கதை. அங்கே உபபொருளாக வரும் எச்எஃப்சி-23 என்ற வாயுவை ஒரு டன் எரித்து அழித்தால் 11,700 கிரெடிட்டுகள். அழிக்க ஆகும் செலவு சொற்பம். சீனாவிலும் இந்தியாவிலும் இருந்த ஒரு சில ஆலைகளுக்கு, குளிர்பதன வாயுவை விற்பதைவிட அதன் கழிவை அழிப்பதில் அதிக வருமானம் வந்தது; கிரெடிட்டுக்காகவே உற்பத்தியைக் கூட்டினார்கள் என்ற புகார் வலுத்து, 2013 மே முதல் அந்தக் கிரெடிட்டுகளை ஐரோப்பா ஏற்க மறுத்துவிட்டது. 2012-க்குப் பிறகு பதிவாகும் திட்டங்களில் மிகவும் பின்தங்கிய நாடுகளுடையதை மட்டுமே ஏற்போம் என்றும் சொல்லிவிட்டது. உங்கள் காற்றாலை நேர்மையாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் கிரெடிட்டும் அந்த வாயுக் கிரெடிட்டும் ஒரே கூடையில் கிடந்தன.

இனி வருபவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாங்கப்போவது யார், சட்டம் அவரை வாங்கச் சொல்கிறதா? கட்டாயத்தால் வாங்குபவர் இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். மற்றொன்று, காற்றும் சூரியனும் இன்று நிலக்கரியைவிட மலிவாகிவிட்ட நிலையில், கிரெடிட் பணம் இல்லாவிட்டால் இந்தத் திட்டமே நடந்திருக்காது என்று நிரூபிப்பது கடினம். இலக்கு விதிக்கப்படாதவர்கள் தாமாகப் பதிவுசெய்து கிரெடிட் பெறும் இந்திய ஈடுசெய் திட்டத்துக்காக 2025 மார்ச்சில் எட்டு வழிமுறைகள் ஏற்கப்பட்டன; அவற்றில்கூடப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் சேமிப்பு வசதியோடு சேர்த்தே பேசப்படுகிறது. பழைய காற்றாலைகளை வைத்து யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: போல்ட், நட்டு தயாரித்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். சிறிய பட்டறை. வாங்குபவர் உமிழ்வுக் கணக்கு கேட்டுப் படிவம் மேல் படிவமாக அனுப்புகிறார். இது எங்களுக்கும் பொருந்துமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சிபாம் என்ற கார்பன் எல்லை வரி, 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை வெறும் கணக்கு கொடுக்கும் கட்டமாக இருந்தது. 2026 ஜனவரி முதல் பணம் கட்டும் கட்டமாகிவிட்டது. இரும்பும் எஃகும், அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளன. போல்ட்டும் நட்டும் எஃகுப் பொருள் என்ற கணக்கில் உள்ளே வந்துவிடுகின்றன. பணம் கட்டுவது நீங்கள் அல்ல, ஐரோப்பிய இறக்குமதியாளர். ஆனால் அவர் அந்தத் தொகையை உங்கள் விலையில் கழிக்கப் பார்ப்பார் என்பதைத் தொழில் செய்பவருக்கு விளக்க வேண்டுமா?

ஆண்டுக்கு 50 டன் வரை விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 50 டன் உங்கள் ஏற்றுமதிக்கான அளவு அல்ல. உங்கள் வாங்குநர் உலகெங்கிலுமிருந்து ஓராண்டில் இறக்கும் சிபாம் சரக்கு அனைத்துக்குமான அளவு. பெரிய வாங்குநர் என்றால் உங்கள் 10 டன்னும் வரிக்குள் வரும்.

அடுத்தது, எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. எஃகுப் பொருட்களுக்கு இப்போதைக்கு நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கு. உங்கள் பட்டறையில் ஓடும் மின்சாரம் அதில் சேராது. வெப்பப் பதனிடும் உலையில் எரியும் எரிவாயு சேரும். ஆனால் அது சிறு தொகை. பெரிய சுமை நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளில் இருக்கிறது. இரும்புத்தாதுவை ஊதுலையில் உருக்கி எடுத்த எஃகு என்றால் டன்னுக்கு 2 டன்னுக்கும் மேல் கரியமில வாயு. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கியது என்றால் நேரடி உமிழ்வு அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே வாங்குநரின் படிவத்தை நிரப்புவதற்கு முன், கம்பி தரும் ஆலையிடம் அந்தச் சுருளின் உமிழ்வுக் கணக்கைச் சரிபார்ப்புச் சான்றோடு எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஒன்றியம் நிர்ணயித்த பொது மதிப்பை எடுத்துக்கொள்வார்கள். அது உண்மை அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது.

உடனே கலங்க வேண்டியதில்லை. ஐரோப்பா தன் ஆலைகளுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டுகளைக் குறைக்கும் வேகத்தில்தான் இந்த வரியும் ஏறுகிறது, 2026-இல் 2.5 சதவீதம், 2030-இல் 48.5 சதவீதம், 2034-இல் முழுமை. பிறந்த நாட்டில் கார்பனுக்குச் செலுத்திய விலையைக் கழித்துக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. இந்தியச் சந்தை வந்துவிட்டால் கழிவு கிடைத்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். கழிவு உண்மையில் செலுத்திய தொகைக்கு மட்டுமே கிடைக்கும். இலக்கை எட்டிச் சான்றிதழ் விற்ற இந்திய ஆலை எதுவும் செலுத்தவில்லை, ஆகவே கழிக்க ஒன்றும் இராது.

திருப்பூரிலிருந்து இதே கேள்வியைக் கேட்டவர்களுக்கு: பின்னலாடை இப்போதைய சிபாம் பட்டியலில் இல்லை.

கேள்வி: என் நான்கு ஏக்கர் தென்னந்தோப்புக்குக் கார்பன் கிரெடிட் பணம் வாங்கித் தருகிறேன் என்று ஒரு முகவர் சிட்டா, அடங்கல் நகல் கேட்கிறார். கொடுக்கலாமா?
– விவசாயி, பட்டுக்கோட்டை

பதில்: ஒப்பந்தத்தைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் தோப்புக்குக் கிரெடிட் இல்லை; கிரெடிட் பணம் இருந்ததால் மட்டுமே நடப்பட்ட புதிய மரத்துக்குத்தான் கணக்கு. இந்தியாவின் ஈடுசெய் திட்டத்தில் 2025 மார்ச்சில் மரம் சார்ந்து ஏற்கப்பட்டது அலையாத்தி வளர்ப்பு மட்டுமே. முகவர் சொல்வது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் தாமாக விரும்பி வாங்கும் சந்தை. அங்கே ஒப்பந்தக் காலம் 20 ஆண்டு, 30 ஆண்டு என்று நீளும். அதுவரை அந்த நிலத்தில் நீங்கள் வேறு பயிர் வைக்க முடியுமா, கிரெடிட் யார் பெயரில் பதிவாகும், சரிபார்ப்புச் செலவு யாருடையது, பங்கு விகிதம் என்ன என்பனவெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

மரத்தில் சேர்த்த கார்பன் மரம் நிற்கும்வரைதான் சேமிப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்த பிறகு உங்கள் வட்டாரத் தோப்புகள் கிடந்த கோலத்தை உங்களைவிட அறிந்தவர் யார்? அப்படி ஓர் இரவில் தோப்பு சாய்ந்தால், விற்றுவிட்ட கிரெடிட்டுக்கு யார் பொறுப்பு என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று முகவரிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நெல் வயல் வைத்திருந்தால் அங்கே வாய்ப்பு இன்னும் உறுதியானது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் வயலில் மீத்தேன் உருவாவது குறைகிறது. கிரெடிட் வராவிட்டாலும் தண்ணீராவது மிஞ்சும்.

கேள்வி: அமெரிக்காவே பாரிஸ் உடன்பாட்டிலிருந்து விலகிவிட்டது. இனி இந்தச் சந்தைகள் எத்தனை நாளைக்கு?
– வாசகர், சென்னை

பதில்: அமெரிக்க நடுவண் அரசு கார்பன் சந்தைக்குள் வரவே இல்லை என்பதால் அது வெளியேறவும் இல்லை. நாடு முழுவதுக்குமான உச்சவரம்பு மசோதா 2009-இல் கீழவையில் 219-க்கு 212 என்று தப்பிப் பிழைத்து, மேலவையில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. எஞ்சியிருந்தது ஒழுங்குமுறை வழி: பசுங்குடில் வாயுக்கள் பொதுநலனுக்குத் தீங்கானவை என்று சுற்றுச்சூழல் முகமை 2009-இல் செய்த தீர்மானம். அதைத் திரும்பப் பெறும் நடவடிக்கையை 2025-இல் புதிய அரசு தொடங்கிற்று. ஒழுங்குமுறைக்கு அது பெரிய அடி. ஆனால் அதே ஆண்டில் கலிபோர்னியா தன் மாநிலச் சந்தையை 2045 வரை நீட்டித்துச் சட்டம் இயற்றியது.

எதிர்காலத்தை அமெரிக்காவில் தேடுவதைவிட ஐரோப்பாவின் 20 ஆண்டுகளைப் பார்ப்பது பயனுள்ளது. 2005-இல் தொடங்கிய அவர்கள் சந்தையில் ஆலைகள் கேட்ட அளவுக்கெல்லாம் சீட்டு கொடுத்தார்கள். 2006 ஏப்ரலில் உண்மையான உமிழ்வுக் கணக்கு வெளியானபோது சீட்டு தேவைக்கு மேல் இருப்பது அம்பலமாகி, 30 யூரோ அளவில் இருந்த விலை சில நாட்களில் பாதிக்கும் கீழே சரிந்தது. 2007-இல் சல்லிக்காசுக்குக் கிடைத்தது. 2013-இல் மறுபடியும் 5 யூரோவுக்குக் கீழே. அந்த ஆண்டுகளில் இந்தச் சந்தை செத்துவிட்டது என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். மிஞ்சிய சீட்டுகளைச் சந்தையிலிருந்து தானாக உறிஞ்சி ஒதுக்கிவைக்கும் இருப்பு ஏற்பாடு 2019-இல் நடைமுறைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தொட்டது. சந்தைக்குள் இருக்கும் துறைகளின் உமிழ்வு இன்று 2005-இல் இருந்ததில் ஏறத்தாழ பாதி. அதே வணிகர்கள், அதே கணினித் திரை; மாறியது உச்சவரம்பின் இறுக்கம்.

சீனா 2021 ஜூலையில் மின் நிலையங்களோடு தொடங்கி, 2025-இல் எஃகு, சிமென்ட், அலுமினியத்தையும் சேர்த்து, நாட்டின் உமிழ்வில் 60 சதவீதத்துக்கும் மேல் சந்தைக்குள் கொண்டுவந்துவிட்டது. இப்போது நம்மைப் போலவே செறிவுக் கணக்குதான்; 2027 முதல் சில துறைகளில் முழு உச்சவரம்புக்கு மாறத் தொடங்குவோம் என்று அறிவித்திருக்கிறது. அது நடந்தால் செறிவுக் கணக்கோடு நிற்கும் பெரிய நாடு இந்தியாவாக இருக்கும்; அந்த நிலையில் டெல்லி எடுக்கும் முடிவு வாஷிங்டன் விலகலைவிட நமக்கு முக்கியமானது.

கேள்வி: கையில் பிடிக்க முடியாத சரக்கு என்றால் மோசடிக்கு வழி அதிகமே?
– தணிக்கையாளர், மதுரை

பதில்: உங்கள் மோப்பம் சரிதான். 2008, 2009 ஆண்டுகளில் ஒரு நாட்டில் மதிப்புக்கூட்டு வரி இல்லாமல் சீட்டு வாங்கி, இன்னொரு நாட்டில் வரியோடு விற்று, வரியைக் கட்டாமல் மறைந்த கும்பல்களால் ஐரோப்பிய அரசுகள் இழந்தது 500 கோடி யூரோ அளவுக்கு இருக்கும் என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது. 2011 ஜனவரியில் செக் நாட்டின் பிராகு நகரத்தில் நடந்தது இன்னும் நேரடியானது. சீட்டுப் பதிவேட்டை நடத்தும் அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் கணக்குகளில் இருந்த லட்சக்கணக்கான சீட்டுகள் கைமாறியிருந்தன. ஐரோப்பா முழுவதும் பதிவேடுகளைப் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் இவையெல்லாம் சீட்டைத் திருடிய கதைகள். நம் நாட்டில் நான் அதிகம் அஞ்சுவது அளவைத் திருடுவதை. நம்பிக்கைக்கு இடமளிக்கும் சோதனை ஒன்று சூரத்தில் நடந்திருக்கிறது. பசுங்குடில் வாயுவுக்காக அல்ல, புகைத் துகளுக்காக. 2019-இல் அங்குள்ள தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளில் தொடர்ச்சியாக அளக்கும் கருவிகளைப் பொருத்தி, உச்சவரம்பு வைத்து, சீட்டு வணிகம் நடத்தினார்கள். திட்டத்துக்குள் வந்த ஆலைகளின் துகள் உமிழ்வு வராதவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வு காட்டியது. 2011-இல் இந்தச் சோதனைக்காக அறிவிக்கப்பட்ட மூன்று மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முதலில் செய்து காட்டியது குஜராத்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இந்தியாவில் ஒரு டன் கார்பன் என்ன விலைக்குப் போகும்?
– வாசகர், ஈரோடு

பதில்: தொகை சொல்ல மாட்டேன், முன்பு நடந்ததைச் சொல்கிறேன். ஆலைகளின் எரிசக்திச் சிக்கனத்துக்காக 2012-இல் தொடங்கிய பேட் திட்டத்தில் முதல் சுற்றுக்கு 478 ஆலைகள். எண்ணெய்க்கு ஈடான 66.9 லட்சம் டன் சேமிக்க வேண்டும் என்பது இலக்கு, சேமித்தது 86.7 லட்சம் டன். பாராட்டத்தக்கதுதான். ஆனால் இலக்கு அவ்வளவு எளிதாக இருந்ததால் விற்பதற்குச் சான்றிதழ் குவிந்தது, வாங்க ஆள் குறைந்தது. 2017-இல் மின் சந்தையில் வணிகம் தொடங்கிச் சில வாரங்களிலேயே விலை கரைந்தது. காலக்கெடு தாண்டியும் வாங்காத ஆலைகள் மீது நடவடிக்கையும் மெல்லத்தான் நகர்ந்தது.

புதிய திட்டத்தை நடத்துவதும் பேட் திட்டத்தை நடத்திய எரிசக்தித் திறன் பணியகம்தான். முதல் இரண்டு ஆண்டுகளுக்கான குறைப்பு துறைச் சராசரியில் ஒற்றை இலக்கச் சதவீதம். இந்த இலக்கில் விலை எகிறும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். முதல் அறிவிக்கையில் இடம்பெறாத இரும்பு-எஃகுத் துறைக்கு என்ன இலக்கு வருகிறது, 2027-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கான இலக்கு எவ்வளவு இறுகுகிறது, முதல் முறையாகச் சான்றிதழ் வாங்கத் தவறும் ஆலையிடம் இரு மடங்கு இழப்பீடு உண்மையில் வசூலாகிறதா என்ற மூன்றும் தெரிந்த பிறகு இதே கேள்வியைத் திரும்ப அனுப்புங்கள்; அப்போது ஒரு தொகை எழுதுகிறேன்.